வீட்டில் காய்ச்சும் கோதுமை பீரில் பீச் பழம்: எப்போது போடுவது, எவ்வளவு போடுவது?

நயாகரா தென்றல் (செயின்ட் கேத்தரின்ஸ், ஒன்டாரியோ)

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் பக்கம் சாலையோரக் கடைகளில் ரெட்ஹேவன் பீச் கூடை கூடையாக வந்துவிடும். இந்த முறை ஒரு பங்கைக் கோதுமை பீருக்கு ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். பழமில்லாத கோதுமை பீர் பலமுறை காய்ச்சியிருக்கிறேன். பழம் சேர்ப்பது இதுவே முதல் முறை.

அளவு 20 லிட்டர். கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) 2.2 கிலோ, பேல் மால்ட் 2.2 கிலோ, ஒரு மணி நேரக் கொதிக்கு, கசப்புக்காக, ஹாலர்டாவ் ஹாப்ஸ் பூ 30 கிராம். தண்ணீரை 1.000 என்று வைத்தால் தொடக்க அடர்த்தி 1.048 பக்கம் வரும். ஈஸ்ட் இன்னும் முடிவாகவில்லை. தென் ஜெர்மனியின் பவேரியக் கோதுமை பீருக்குப் போடும் ஹெஃபெவைசன் ஈஸ்ட் எனக்குப் பிடிக்கும்.

சில செய்முறைகள் கொதி முடியும் நேரத்தில் பழத்தைப் போடச் சொல்கின்றன, சில நொதித்த பிறகு என்கின்றன. எது சரி? 20 லிட்டருக்கு எத்தனை கிலோ பீச்? தோலோடு போடலாமா?

ஓரிகன் மழை (போர்ட்லண்ட்)

தம்பி, மால்ட் கணக்கு சரியாக இருக்கிறது. கோதுமைக்கு உமி இல்லை என்பதால் மாஷ் (வெந்நீரில் ஊறும் மால்ட் கலவை) வடிக்கும்போது அடைத்துக்கொள்ளும். ஹோம்ப்ரூ கடைகளில் நெல் உமி விற்பார்கள். 200 கிராம் கழுவிக் கலந்துவிடு, வடிவது சுலபமாகும்.

கொதியில் பழம் வேண்டவே வேண்டாம். காரணம் இரண்டு. முதலாவது, பீச்சின் மணம் ஆவியாகிப் போகும் பொருள். கொதியில் பாதி போகும். மீதியை முதல் நொதித்தலில் குமிழி குமிழியாகக் கிளம்பும் கரியமில வாயு தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த நாட்களில் உன் அடித்தள அறை பீச் தோட்டமாக மணக்கும், பாட்டிலில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது, பழத்திலுள்ள பெக்டின் கொதிசூட்டில் வெளியேறி பீரில் நிரந்தரமாகக் கலங்கி நிற்கும். ஜாம் கெட்டிப்படுவது இந்தப் பெக்டினால்தான். கோதுமை பீர் இயல்பிலேயே கலங்கல்தான், அதனால் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் வாயில் ஒரு கொழகொழப்பு வரும்.

ஆக, முதல் நொதித்தல் அடங்கிய பிறகு போடு. அடர்த்தி 1.012 அளவுக்கு வந்து, நுரை இறங்கிய கட்டம். அப்போது ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கும், பழச் சர்க்கரையைப் பார்த்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். அந்த இரண்டாம் நொதித்தல் முதலாவதைவிடச் சாதுவானது, மணம் அதிகம் பறிபோகாது.

ஈஸ்ட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பவேரிய ஈஸ்ட் தரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் பீச்சை அமுக்கிவிடும். யாராவது குடித்துவிட்டு 'என்ன பழம் இது?' என்று கேட்கிற பீர் எனக்குப் பிடிக்காது. பீச்தான் பேச வேண்டும் என்றால் யூஎஸ்-05 மாதிரி அடக்கமான ஈஸ்ட் போடு. இந்த ஊரில் விட்மர் சகோதரர்கள் 1986இல் ஹெஃபெவைசன் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும் வாழையும் கிராம்பும் இல்லாத பீர்தான். அமெரிக்கக் கோதுமை பீர் என்ற தனி வகையே அந்த வழியில் வளர்ந்தது. பழம் ஏந்துவதற்கு அதைவிட நல்ல தளம் கிடையாது.

அளவு: பீச் மென்மையான பழம். லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்தால் தேடித்தான் பார்க்க வேண்டும். உன் 20 லிட்டருக்கு 4 கிலோ சதை, கொட்டை நீக்கிய பிறகு. ராஸ்ப்பெர்ரி என்றால் இதில் பாதி போதும், 2 கிலோவிலேயே ஊரைக் கூட்டும். ஸ்ட்ராபெர்ரியில் இறங்காதே. நிறமும் மணமும் சில வாரங்களில் மங்கிவிடும்.

நுண்ணுயிரி (மேடிசன், விஸ்கான்சின்)

ஓரிகன் அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சுத்தம் பற்றி மட்டும் என் பங்கு. உணவு ஆய்வகத்தில் வேலை என்பதால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

'பழத்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கிருமி செத்துவிடும்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சாகாது. காட்டு ஈஸ்ட்டும், புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபேசிலஸும் உறைநிலையைத் தாங்கும், உருகியதும் விழித்துக்கொள்ளும். உறையவைப்பதன் பயன் வேறு. பழத்தின் செல்களுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, கூரான படிகங்கள் செல் சுவரைக் கிழித்துவிடும். உருகும்போது சாறு தானாக வழியும், மணமும் நிறமும் பீருக்குள் எளிதாக இறங்கும். அதற்காகக் கட்டாயம் உறையவையுங்கள்.

கிருமியைக் கொல்ல வேண்டுமென்றால் சூடு. மசித்த பழத்தை 70 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து மூடி ஆறவிடுங்கள். 80ஐத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் அண்ணா சொன்ன பெக்டின் தொல்லை, கூடவே வெந்த பழ வாடை. வாங்குவதென்றால் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றுதான். பெக்டினைச் சிதைக்கும் பெக்டினேஸ் தூள் கடையில் கிடைக்கும். பழம் நன்றாக ஆறிய பிறகு சேர்த்தால் கூழ் இன்னும் இளகும், சாறு கூடுதலாகக் கிடைக்கும்.

சூடாக்கவே மனமில்லை என்பவர்களுக்கு ஒரு ஆறுதல். நொதித்து முடிந்த பீரில் ஆல்கஹால் இருக்கிறது, ஹாப்ஸ் இருக்கிறது, பிஎச் 4.5க்குக் கீழே, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. உடம்புக்குத் தீங்கு செய்யும் கிருமிகள் இங்கே பிழைப்பது மிகக் கடினம். வரக்கூடிய கேடு புளிப்பும், அடர்த்தி எதிர்பாராமல் இறங்குவதும். பீச்சுக்கு இது கொஞ்சம் கூடுதல் கவலை, ஏனென்றால் அதன் பூனைமுடித் தோலில் ஈஸ்ட்டும் தூசியும் நன்றாக ஒட்டும். கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் கையோடு வரும்.

தோலிலும் மணம் உண்டு, எறிய மனம் வராது. என் யோசனை: நாலில் ஒரு பங்கு பழத்தின் தோலை மட்டும் 70 டிகிரிக் கூழோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் சேர்த்தால் துவர்ப்பு தட்டும்.

ஸ்கார்பரோ மாங்காய் (டொராண்டோ)

மாம்பழத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே! பீச் வருசத்தில ரெண்டு மாசம். எங்கட கடையளில டின்னில அடைச்ச மாம்பழக்கூழ் வருசம் முழுக்கக் கிடைக்குது. அல்போன்சோ, கேசர் ரெண்டும் இருக்கும், 850 கிராம் டின். நான் பாவிக்கிறது இதைத்தான். தோலுரிக்கிற வேலையில்லை, கொட்டையில்லை, சூடாக்கித்தான் டின்னில அடைக்கிறபடியால் தங்கச்சி சொன்ன கிருமிப் பயமும் இல்லை. டின் மூடியையும் திறப்பானையும் கிருமிநீக்கியால துடைச்சிட்டுத் திறந்தால் காணும்.

ஆனால் லேபிளை வாசியுங்கோ. பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் எண்டு கிடந்தால் தொடாதேங்கோ. அது ஈஸ்ட் பெருகாமல் தடுக்கப் போடுற சாமான். மாம்பழம், சீனி, சிட்ரிக் அமிலம் எண்டு மட்டும் இருந்தால் பரவாயில்லை. சீனி இல்லாதது கிடைச்சால் அதுதான் திறம்.

20 லிட்டருக்கு நாலு டின். அல்போன்சோ மணம் தூக்கலா இருக்கும், கேசர் நிறம் வடிவு. நான் ரெண்டையும் கலக்கிறனான்.

ஓரிகன் மழை

ஸ்கார்பரோ அண்ணன் டின்னைச் சொன்னதும் நல்லது, சர்க்கரைக் கணக்கைப் பேசியாக வேண்டும். பலரும் இரண்டு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: பழம் போட்டால் பீர் இனிக்கும், ஆல்கஹால் ஏறும்.

இனிக்காது. பழத்திலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றையும் ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். எஞ்சுவது அமிலமும் மணமும்தான். ராஸ்ப்பெர்ரி பீர் சுள்ளென்று இருப்பதும், மாம்பழ பீர் சிலருக்குச் சப்பென்று படுவதும் அதனால்தான். பழுத்த மாம்பழத்தில் அமிலம் குறைவு. நாம் அதை மாம்பழம் என்று உணர்வதில் பெரும் பங்கு இனிப்புக்கு, அது போய்விட்டால் நாக்கு தடுமாறுகிறது.

ஆல்கஹால்: பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். 5 விழுக்காடு ஆல்கஹாலுள்ள 18 லிட்டர் பீரில் 2 கிலோ ராஸ்ப்பெர்ரி போட்டால், அதில் வெறும் 90 கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை. ஆனால் தண்ணீர் 1.7 லிட்டர் சேரும். கடைசியில் 4.8 பக்கம் இறங்கும். பீச் ஏறக்குறையச் சமன். மாம்பழம் 14 விழுக்காடு சர்க்கரை, 3 கிலோ போட்டால் 5.6 வரை ஏறும். சீனி சேர்த்த டின் என்றால் இன்னும் மேலே போகும்.

எனவே பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதன் இனிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். அந்தத் தேர்வில் முதலிடம் ராஸ்ப்பெர்ரிக்கு, அடுத்து புளிப்புச் செர்ரி, பேஷன் ஃப்ரூட், ஆப்ரிகாட். பீச் நடுவில் நிற்கிறது. தர்பூசணியை வைத்துச் சான் ஃபிரான்சிஸ்கோவில் 21ஸ்ட் அமெண்ட்மென்ட் என்ற பீர் ஆலை ஆட்கள் ஒரு கோதுமை பீர் செய்து பேர் வாங்கியது உண்மை. ஆனால் வீட்டில் அதைச் சரியாகக் கொண்டுவருவது கஷ்டம், வெள்ளரிக்காய் வாடைதான் முந்திக்கொள்ளும்.

பெர்லின் குளிர் (பெர்லின்)

எல்லோரும் பழத்தை ஈஸ்ட்டுக்குப் படைத்துவிட்டு இனிப்பு போச்சே என்கிறீர்கள். ஏன் நொதிக்க வைக்க வேண்டும்? இங்கே பெர்லினர் வைஸ்ஸ என்று புளித்த கோதுமை பீர் உண்டு, 3 விழுக்காடு ஆல்கஹால்தான். அகலமான கிண்ணத்தில் ஊற்றி, சிவப்பு வேண்டுமா பச்சையா என்று கேட்பார்கள். சிவப்பு ராஸ்ப்பெர்ரி சிரப், பச்சை வால்ட்மைஸ்டர் என்ற மூலிகைச் சிரப். பீரின் புளிப்பும் சிரப்பின் இனிப்பும் கிண்ணத்தில்தான் சந்திக்கின்றன. தெற்கே பவேரியாவிலும் வைஸ்பியர் என்ற கோதுமை பீரில் வாழைப்பழச் சாற்றைக் கோப்பையிலேயே கலந்து குடிப்பார்கள்.

என் கருத்து இதுதான்: பீரைப் பீராகக் காய்ச்சுங்கள், பழத்தைப் பழமாக வையுங்கள். பீச்சைச் சர்க்கரையோடு சிரப்பாக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால், ஒருவருக்கு இனிப்பாக, ஒருவருக்குக் குறைவாக, ஒருவருக்குப் பழமே இல்லாமல் கொடுக்கலாம். 20 லிட்டரும் ஒரே சுவையில் மாட்டிக்கொள்ளாது. பாட்டில் வெடிக்குமோ என்ற பயமும் கிடையாது.

ஸ்கார்பரோ மாங்காய்

பெர்லின் தம்பி, உங்கட ஊர் வழக்கத்தில பிழை சொல்லேல்லை. ஆனால் சிரப் விட்டுக் குடிக்கிறதும் பழத்தோட நொதிச்ச பீரும் ஒண்டில்லை. பிரஸ்ஸல்ஸுக்குப் போனால் கான்டியோன் எண்டு 1900ஆம் ஆண்டில இருந்து நடக்கிற பீர் ஆலை இருக்கு. லாம்பிக் எண்டு காட்டு ஈஸ்ட்டால புளிச்ச பீரில முளைக்காத கோதுமை மூண்டில ஒரு பங்கு கிடக்கும். அதில புளிப்புச் செர்ரியை மாசக்கணக்கா ஊறவைச்சு கிரீக் எண்ட செர்ரி பீர் செய்யினம். ஒரு சொட்டு இனிப்பு இல்லை. ஆனாலும் செர்ரியின்ர ஒவ்வொரு பக்கமும் நாக்கில தெரியும், கொட்டைக்குள்ள இருக்கிற வாதுமை மணம் வரைக்கும். அது பழமும் பீரும் சேர்ந்து மூண்டாவதா ஒண்டு ஆகிறது. சிரப்பால அது வராது.

மாம்பழம் சப்பெண்டு போகும் எண்டு ஓரிகன் சொன்னதுக்கு எனக்கு மறுமொழி இருக்கு. லைப்சிக் பக்கத்துக் கோஸ பீரைப் பாருங்கோ. அதுவும் கோதுமை பீர்தான், உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்க வைக்கிறது. கடற்கரையில மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்னாத ஆள் எங்களில ஆர்? லிட்டருக்கு முக்கால் கிராம் உப்பு, 20 லிட்டருக்கு 20 கிராம் இடிச்ச மல்லி, அதோட மாம்பழக்கூழ். புளிப்பும் உப்பும் வந்தவுடன மாம்பழம் எழும்பி நிக்கும். இனிப்பு தேவையே இல்லை.

ஓரிகன் மழை

அண்ணே, கோஸ யோசனையை முழு மனதாக ஒத்துக்கொள்கிறேன். அமிலம்தான் குறை என்றால் அமிலத்தைக் கொடுப்பதுதான் தீர்வு. பெர்லின் நண்பரின் சிரப் யோசனை விருந்துக்கு நல்லது. ஆனால் தென்றல் கேட்டது பீச் பீர், பீச் சிரப் அல்ல.

வெண்நுரை (மெல்பர்ன்)

இழையைப் பார்த்துவிட்டு யாராவது அன்னாசியும் பப்பாளியும் போடக் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கோதுமை பீரின் அழகே அந்த அடர்ந்த நுரை. அது நிற்பது கோதுமைப் புரதத்தால். பச்சை அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின். மூன்றும் புரதத்தை அறுக்கும் நொதிகள். கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே நொதி உங்கள் நுரையையும் கரைத்துவிடும். பீர் ஆலைகளே பப்பைனைக் கருவியாகப் பயன்படுத்தியிருக்கின்றன. குளிரில் பீர் கலங்காமலிருக்கப் புரதத்தைச் சிதைக்கும் முறைக்கு 1911இல் லியோ வாலர்ஸ்டீன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

அன்னாசி வேண்டுமென்றால் டின்னில் அடைத்ததை எடுங்கள், சூட்டில் நொதி செயலிழந்திருக்கும். பப்பைன் சூட்டை அதிகம் தாங்கும், பப்பாளியை விட்டுவிடுங்கள்.

ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். பவேரிய ஈஸ்ட்டோடு சேரும் பழம் ஒன்று உண்டென்றால் அது பலா. ஈஸ்ட் தரும் வாழை மணமும் பலாவின் மணமும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களின் வேலைதான். பீச்சுக்கு ஆகாத ஈஸ்ட் பலாவுக்கு ஆகும். லிட்டருக்கு 80 கிராமில் தொடங்கினால் போதும், அது வீட்டையே நிறைக்கிற பழம்.

கோவை வெயில் (கோயம்புத்தூர்)

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகளே நிறைய இருக்கின்றன, மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. நாமும் 5 லிட்டர் முயற்சி செய்யலாமா அக்கா?

நுண்ணுயிரி

தம்பி, அங்கே வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம், சொந்தக் குடிப்புக்கு என்றாலும் விலக்கில்லை. இங்கே நாங்கள் செய்வது அந்தந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதால். அமெரிக்காவிலேயே கூட்டரசுச் சட்டம் 1978இல்தான் வழிவிட்டது, அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை மறுத்தன. பெங்களூரு போகும்போது அங்குள்ள மைக்ரோ ப்ரூவரிகளில் கோடைக்கால மாம்பழ பீரைக் கேட்டுப் பாருங்கள்.

நயாகரா தென்றல்

எல்லோருக்கும் நன்றி. யூஎஸ்-05 முடிவாகிவிட்டது. 4 கிலோ பீச், தோலுரித்து, உறையவைத்து, 70 டிகிரியில் சூடாக்கி, நொதித்தல் அடங்கிய பிறகு. இரண்டு சந்தேகம் பாக்கி. பீச் நடுவில்தான் நிற்கிறது என்றீர்களே, அதைத் தூக்கிக் கொடுக்க வழி உண்டா? என் ஃபெர்மென்டர் (நொதிக்க வைக்கும் பாத்திரம்) 23 லிட்டர் வாளி, அது போதுமா?

ஓரிகன் மழை

வாளி போதாது. 4 கிலோ கூழ் உள்ளே போனதும் மறுபடி பொங்கும், கூழ் மேலே மிதந்து, மூடியில் வாயு வெளியேறும் ஏர்லாக்கை அடைக்கும். அடைத்தால் அழுத்தம் ஏறி மூடி கூரைக்குப் பறக்கும். 30 லிட்டர் பாத்திரம் ஏற்பாடு செய். ஏர்லாக்குக்குப் பதிலாக அகலமான குழாயைப் பொருத்தி, மறுமுனையைக் கிருமிநீக்கிய தண்ணீரில் விடு. பீரைக் கூழின் மேல் ஊற்றி மாற்றாமல், கூழைப் பீருக்குள் மெதுவாக இறக்கு. காற்று குறைவாகப் படும்.

பீச்சைத் தூக்க ஆப்ரிகாட் சேர். இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஆனால் நொதித்த பிறகு பீச்சைவிட ஆப்ரிகாட்தான் நாம் நினைக்கிற பீச் மாதிரி இருக்கும். அமிலமும் கூடுதல். 3 கிலோ பீச், 1 கிலோ ஆப்ரிகாட். அதைக் குடித்துவிட்டு யாரும் ஆப்ரிகாட் என்று சொல்ல மாட்டார்கள்.

நுண்ணுயிரி

அதற்கும் மேல் தேவைப்பட்டால் மாலிக் அமிலம். பீச்சில் இயற்கையாகவே இருப்பது அது. பழம் நொதித்து முடிந்த பிறகு நாலு கோப்பையில் 100 மில்லி பீர் எடுத்து, லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம், ஒன்றரை என்ற கணக்கில் கரைத்துச் சுவைத்துப் பாருங்கள், ஒன்றைச் சும்மா வையுங்கள். பழத்தைப் போடுவதற்கு முன்பு கூழைக் கலந்து சுவைத்து முடிவெடுக்காதீர்கள், அப்போது இருக்கும் இனிப்பு பிறகு இருக்காது.

நயாகரா தென்றல்

பாட்டிலில் அடைப்பது எப்போது அக்கா? 10 நாள் போதுமா?

நுண்ணுயிரி

நாட்களை எண்ண வேண்டாம், அடர்த்தி காட்டும் ஹைட்ராமீட்டரைப் பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண் வர வேண்டும். கோதுமை பீருக்குப் பாட்டிலில் லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை போடுவோம் இல்லையா, அடர்த்தி இறங்க இன்னும் 3 புள்ளி (0.003) பாக்கியிருந்தால் அதுவே ஏறக்குறைய அந்த அளவு சர்க்கரை. அதன் மேல் நீங்கள் போடுவதும் சேர்ந்தால் அழுத்தம் இரட்டிக்கும், கண்ணாடி தாங்காது. இதில் அவசரம் கூடவே கூடாது, வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

ஹைட்ராமீட்டருக்கு எடுக்கும் மாதிரியை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கூழ் மிதந்தால் அளவு தப்பாகக் காட்டும். எண் நிலைத்த பிறகு 2 டிகிரி குளிரில் இரண்டு நாள் வைத்தால் கூழ் அடியில் படியும். அதற்கு மேல் பழத்தை விட்டு வைக்காதீர்கள், துவர்ப்பு ஏறும்.

நயாகரா தென்றல்

புரிந்தது. பெர்லின் அண்ணாவின் யோசனையையும் விட மனமில்லை. பழம் போடுவதற்கு முன் 4 லிட்டரைத் தனியாக எடுத்து வைக்கிறேன், பீச் சிரப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட. அப்படியானால் மீதி 16 லிட்டருக்குப் பழம் எவ்வளவு?

ஓரிகன் மழை

பீச் 2.4 கிலோ, ஆப்ரிகாட் 800 கிராம். எடுத்து வைக்கும் 4 லிட்டரும் 1.012இல் இருந்தால் உடனே அடைக்காதே, அதுவும் முழுதாக இறங்கட்டும். செப்டம்பரில் இரண்டையும் ஒரே நாளில் திற, பெர்லின் வழியா, என் வழியா, எது எடுபட்டது என்று இங்கேயே எழுது.

பெர்லின் குளிர்

சிரப்புக்குப் பழமும் சர்க்கரையும் சம எடை போடு தம்பி, எலுமிச்சைச் சாறு கொஞ்சம். அந்த 4 லிட்டரில் ஒரு பாட்டிலைச் சிரப் இல்லாமலும் திற.